மாற்றான் வண்டி எஞ்சினுக்கும் மணமுண்டு

கோல்ஃப் வண்டி என்றதும், ஏதோ சீமான்கள் வீட்டுச் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சென்னை சென்ட்ரலில் பாட்டியையும் பாட்டியின் ஊறுகாய் ஜாடியையும் ஏற்றிக்கொண்டு, எவ்வளவு ஹாரன் அடித்தும் ஒருவரும் விலகாமல் ஊர்ந்து போகுமே ‘பேட்டரி கார்’, அதன் அண்ணன்தான் அது. வண்டலூருக்குப் புலி பார்க்கப் போனவர்களுக்கும் அது பழக்கம். புலி தூங்கிக்கொண்டிருக்கும். வண்டி புலியைவிடச் சற்றே சுறுசுறுப்பாக இருக்கும்.

இந்தச் சாதுப் பிராணியின் இருக்கையைத் தூக்கி, அடியில் இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு, அங்கே ஏடிவி எஞ்சினைக் குடியேற்றுவது அமெரிக்காவின் கொட்டகைகளில் ஒரு குடிசைத் தொழில். ஏடிவி தெரியுமல்லவா? ரிசார்ட்டுகளில் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சேற்றில் விடுவார்களே, நாலு குண்டு டயர் வைத்த பைக், அதுதான். அதன் எஞ்சினைப் பிடுங்கி இதில் வைப்பது, பஜனை கோஷ்டியில் பறை வாசிக்க ஆள் பிடிப்பது மாதிரி. சத்தம் தூக்கும். பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

“இதெல்லாம் ஒரு பிழைப்பா” என்று தலையில் அடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். பிறகு இரண்டு வண்டிகளின் பூர்வீகத்தையும் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். அடித்துக்கொண்ட கையைக் கீழே போட்டுவிட்டேன். இரண்டு குடும்பத்திலும் தாத்தாமார் செய்யாத அக்கிரமம் எதையும் இந்தப் பேரப்பிள்ளைகள் செய்துவிடவில்லை.

முதலில் கோல்ஃப் வீட்டார்.

1930களின் தொடக்கம். டெக்சார்கானா ஊர்க்காரர் ஜே.கே. வாட்லி லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு காட்சியைக் கண்டாராம். மூன்று சக்கர மின்சார வண்டி ஒன்று, வயதானவர்களை மளிகைக் கடைக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தது. நம்மைப் போன்றவர்கள் அதைப் பார்த்தால் “பாவம், முதியவர்களுக்கு நல்ல வசதி” என்று உச்சுக்கொட்டிவிட்டு நகர்வோம். வாட்லிக்கு வேறொன்று தோன்றியது: இதில் ஏறிப் போய்ப் பந்து அடித்தால் என்ன? ஒரு வண்டியை வாங்கியும்விட்டார். புல்தரையில் அது சரியாக ஓடவில்லை. மளிகைக் கடைக்குப் பிறந்ததைப் புல்வெளிக்கு ஓட்டினால் எப்படி ஓடும்? ஆனாலும் கோல்ஃப் மைதானத்தில் முதன்முதலாக மோட்டார் வண்டி ஓட்டிய பெருமையை அவருக்குத்தான் கொடுக்கிறார்கள். ஆக, கோல்ஃப் வண்டியின் கதை தொடங்குவதே தவறான இடத்தில் ஓட்டப்பட்ட தவறான வண்டியில்தான். நம் சென்ட்ரல் பேட்டரி கார் பாட்டியை ஏற்றும்போது, அந்த வம்சம் தொண்ணூறு வருடம் ஊர் சுற்றிவிட்டுப் பழைய வேலைக்கே திரும்பியிருக்கிறது.

1932-ல் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டரில் லைமன் பீச்சர் என்பவர் தனக்கென்று ஒரு மின்சார வண்டி செய்துகொண்டார். ஊர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆரோக்கியமானவன் கோல்ஃப் ஆடப் போவதே நடப்பதற்கு. அதிலும் வண்டி ஏறினால் பிறகு எதற்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது அன்றைய நியாயம். கால் முடியாதவர்கள் மட்டும் ஏறினார்கள்.

அடுத்து வந்தது உலகப் போர், அதோடு பெட்ரோல் ரேஷன். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் மெர்ல் வில்லியம்ஸ் அந்தத் தட்டுப்பாட்டில் மின்சாரக் கார் செய்து கைப்பழக்கம் பெற்றார். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தபின் அந்தக் கைப்பழக்கத்தை என்ன செய்வது? 1951-ல் ரெட்லண்ட்ஸில் கோல்ஃப் வண்டி செய்ய ஆரம்பித்தார். நிறுவனத்தின் பெயர் ‘மார்க்கெட்டியர்’. பெயரிலேயே கத்தரிக்காய் வாசனை அடிக்கிறது.

ஆனாலும் நடக்கச் சோம்பல்படுவது கௌரவக் குறைச்சலாகத்தான் இருந்தது. அதை மாற்றியதில் ஒரு நெஞ்சுவலிக்கும் பங்குண்டு. 1955 செப்டம்பரில் அதிபர் ஐசனோவர் டென்வரில் ஒரே நாளில் 27 குழி கோல்ஃப் ஆடினார். நடுவில் பச்சை வெங்காயம் வைத்த ஹாம்பர்கர். இரவு நெஞ்சு வலித்தது. மருத்துவர் முதலில் அஜீரணம் என்று நினைத்தார் (வெங்காயத்தின் மேல் பழி போடுவது எல்லா நாட்டு வைத்தியத்திலும் முதல் படி). மாரடைப்பு என்று தெரிந்ததும் தேசமே கலங்கியது. பிறகு அதிபரே வண்டியில் ஏறிப் பந்தைத் துரத்தினார். நாட்டின் தலைவரே ஏறிவிட்டால் குடிமகனுக்கு என்ன வெட்கம்?

உடனே கடைகள் முளைத்தன. ஜார்ஜியாவின் அகஸ்டாவில் 1954-லேயே ஈ-ஸி-கோ தொடங்கியிருந்தது. நெப்ராஸ்காவின் குஷ்மன் வந்தது. இந்தக் குஷ்மனின் ஜாதகத்தைப் பார்த்தால் இவர்கள் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் வயல்வேலைக்கென்று செய்த ‘ஹஸ்கி’ என்ற எஞ்சின் இருந்தது. அது போதிய அளவு விற்கவில்லை. ‘இதை வாங்க ஆளில்லை என்றால், இதைப் போடுவதற்கு நாமே ஒரு வண்டி செய்துவிடுவோம்’ என்று 1936-ல் ஸ்கூட்டர் செய்தார்கள். போர் வந்ததும் அதே ஸ்கூட்டரைப் பாராசூட்டில் கட்டி விமானத்திலிருந்து போடுவதற்கு ஏற்ற மாதிரி ஒன்று செய்தார்கள். போர் முடிந்தபின் கோல்ஃப். வயலில் தண்ணீர் இறைக்க வேண்டியது வானத்திலிருந்து குதித்து, கடைசியில் கனவான்களின் மட்டைப் பையைச் சுமந்தது.

ஹார்லி டேவிட்சனும் கோல்ஃப் வண்டி செய்ததை ஹார்லி பக்தர்களிடம் சொன்னால் முகம் கறுத்துவிடும். ஆனால் செய்தார்கள்: 1963-ல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டு. கறுப்புத் தோல் சட்டை, கபாலச் சின்னம், நெடுஞ்சாலை இடி முழக்கம் என்று வாழ்ந்த குலத்திலிருந்து மூன்று சக்கரத்தில் ஒரு பிள்ளை, முதுகில் கோல்ஃப் பையோடு. அதில் ஒரு விசித்திரம் இருந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ரிவர்ஸ் கியர் கிடையாது. பின்னால் போக வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, எதிர்த் திசையில் சுழல விட்டு மறுபடி கிளப்ப வேண்டும். டூ ஸ்ட்ரோக்குக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான், பற்றவைக்கும் நேரம் சரியாக இருந்தால் போதும். கட்சி மாறிய மறுநிமிடமே புதுத் தலைவருக்குக் கோஷம் போடுகிற தொண்டனின் சுபாவம்.

கோல்ஃப் வீட்டார் நிற்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு, அதாவது ஏடிவி வீட்டுக்குப் போவோம். அங்கேதான் கதை களைகட்டுகிறது.

அந்த வீட்டுத் தாத்தா ஹோண்டா சோய்ச்சிரோ 1906-ல் ஜப்பானின் ஹமாமட்சு பக்கத்துக் கிராமத்தில் கொல்லர் வீட்டில் பிறந்தவர். பதின்வயதில் டோக்கியோவுக்குப் போய் ஆர்ட் ஷோகாய் என்ற பட்டறையில் சேர்ந்தார். அந்தப் பட்டறையின் முதலாளிக்குப் பந்தயப் பைத்தியம். மிட்செல் என்ற அமெரிக்கக் காரின் சட்டத்தை எடுத்து, அதில் பழைய கர்டிஸ் விமான எஞ்சினை இறக்கினார்கள். விமானத்தின் எஞ்சின், காரில்! 1924-ல் அந்த வண்டி பந்தயத்தில் முதலிடம் பிடித்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்த பொடியன்தான் நம் ஹோண்டா. எந்த வயதில் எதைப் பார்க்கக் கூடாதோ, அந்த வயதில் அதைப் பார்த்துவிட்டார். பிறகு திருந்துவதற்கு ஏது வழி?

போர் முடிந்தது. ஹோண்டா தன்னிடமிருந்த பிஸ்டன் ரிங் கம்பெனியை டொயோட்டாவுக்கு 4,50,000 யென்னுக்கு விற்றுவிட்டு ஒரு வருடம் சும்மா இருந்தார். சும்மா என்றால் முழுச் சும்மா இல்லை. மூங்கில் குழல் ஊதினார். ஒரு பீப்பாய் மருத்துவச் சாராயம் வாங்கி வீட்டிலேயே மது தயாரித்து நண்பர்களுக்கு ஊற்றினார். வீட்டில் உள்ளவர்கள் அந்த வருடத்தை எப்படிக் கழித்தார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். நம் ஊராக இருந்தால் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருப்பார்கள்.

1946-ல் ஒரு நண்பர் வீட்டில் சின்ன எஞ்சின் ஒன்று அவர் கண்ணில் பட்டது. ராணுவத்தின் ஆறாம் எண் வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் கொடுக்கச் செய்த ஜெனரேட்டர் எஞ்சின். ராணுவம் கலைந்துவிட்டது, எஞ்சின் அநாதை. ஹோண்டா அதை ஒருகணம் பார்த்தார். சைக்கிளில் வைத்தால் என்ன?

வைத்தார். முதலில் முன்சக்கரத்தின் மேல் வைத்து, ரப்பர் உருளையை டயரோடு உரசவிட்டுப் பார்த்தார். அது சரிவரவில்லை. பிறகு எஞ்சினை நடுச்சட்டத்துக்குக் கொண்டுவந்து, பெல்ட் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்ற வைத்தார். பெட்ரோல் டாங்குக்கு எங்கே போவது? வீட்டில் குளிருக்குக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குப்பி இருந்தது. அதை எடுத்து மாட்டினார். இனி குடும்பம் குளிரில் நடுங்கினால் நடுங்கட்டும்.

வண்டி தயார். யார் ஓட்டிப் பார்ப்பது? மனைவி சாச்சியைக் கூப்பிட்டார். நீ உணவு தேடி சைக்கிள் மிதித்துச் சிரமப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதைச் செய்தேன் என்று பின்னாளில் ஒரு கதை சொன்னார். அந்த அம்மாள் அதை நம்பவில்லை. அது பிற்பாடு கட்டிய கதை, என்னைச் சோதனை எலியாக்கினார் என்பது அவர் கட்சி. கூட்டம் நிறைந்த பெரிய தெருக்களிலேயே ஓட்டச் சொன்னதால், இருப்பதில் நல்ல மோன்பே கால்சட்டையை அணிந்துகொண்டு கிளம்பினார். ஊரே பார்த்தது. சவாரி முடிந்து வந்தபோது நல்ல கால்சட்டை முழுக்க எண்ணெய். கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலும் எண்ணெயும் கலந்து திரும்பத் துப்பியிருந்தது. “இப்படி விற்றால் வாங்கினவர்கள் திட்டப்போகிறார்கள்” என்ற பொருளில் சாச்சி ஒரு வார்த்தை சொன்னார். எதற்கும் ஏட்டிக்குப் போட்டி பேசும் ஹோண்டா அன்று மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாராம். உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனியின் முதல் தரப் பரிசோதனை ஒரு கால்சட்டையில் நடந்தது. கம்பெனியே தன் வரலாற்றில் இதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

இனி மணத்துக்கு வருவோம். பெட்ரோல் ரேஷன் கடுமையாக இருந்த காலம். பைன் மர வேரிலிருந்து எடுத்த எண்ணெயைப் பெட்ரோலில் கலந்து ஓட்டினார்கள். புகை தெருவை மூடும். வாடை தெருவைத் தாண்டும். எங்கே போகிறான் என்று கண்ணால் பார்க்க வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். ஆனாலும் வண்டிகளுக்கு அடிபிடி. அப்படி ஏறக்குறைய 500 ராணுவ எஞ்சின்கள் தீர்ந்துபோன பிறகுதான் ஹோண்டா சொந்த எஞ்சினுக்கே இறங்கினார். 1947-ல் வந்த ஏ-டைப்பை ஜனங்கள் அதன் சத்தத்தை வைத்து ‘பட்டா பட்டா’ என்று கூப்பிட்டார்கள். சென்னைத் தெருக்களில் மீன்பாடி வண்டிக்குப் பழைய ஸ்கூட்டர் எஞ்சினைக் கட்டி ஓட்டிய நம் ஆட்களை அப்படியே ஜப்பானுக்கு அனுப்பியிருந்தால் ஹோண்டா கட்டித் தழுவியிருப்பார். இங்கே போலீஸ்காரர் கழுத்தைப் பிடித்தார், அதுதான் வித்தியாசம்.

இருபது வருடம் தாண்டுவோம். அமெரிக்காவில் ஹோண்டா பைக் சக்கைப்போடு போடுகிறது, குளிர்காலம் வரும்வரை. பனி விழுந்ததும் டீலர் கடையில் ஈ ஓட்டுகிறார். 1967-ல் அமெரிக்கக் கிளை, பனிக்காலத்திலும் விற்கிற மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள் என்று கேட்டது. பொறியாளர் ஒசாமு தகேயுச்சி வேலையில் இறங்கினார். இரண்டு சக்கரம், மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று விதவிதமாகப் பார்த்தார். ஐந்து சக்கர வண்டி எப்படி இருந்திருக்கும் என்று இரவில் படுத்து யோசித்தால் தூக்கம் போய்விடும். கடைசியில் மூன்று போதும் என்று முடிவாகி, குழந்தையின் பலூன் மாதிரி டயர் போட்டு, 1970-ல் யூஎஸ்90 என்ற மூன்று சக்கர ஏடிவி வந்தது: 89 சிசி, ஏழு குதிரைசக்தி, விலை 595 டாலர். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் என்று ஒன்றும் கிடையாது; அந்த உபசாரம் அத்தனையும் டயரில் இருந்த காற்றின் பொறுப்பு. மறு வருடமே ஜேம்ஸ் பாண்ட் அதில் ஏறிப் பாலைவனத்தில் ஓடினார். மூன்று சக்கரம் திருப்பங்களில் மனிதர்களை உருட்டிவிடுகிறது என்று நாடெங்கும் புகார் எழுந்து, 1988-ல் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டில் அதன் விற்பனையே நின்றது. அதற்குள் சுசூகி நாலு சக்கரத்துக்கு வழிகாட்டியிருந்தது.

நடுவே சந்திரனையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். 1971 பிப்ரவரியில் ஆலன் ஷெப்பர்ட் சந்திரனில் கோல்ஃப் பந்து அடித்தார். அங்கே ஏறிச் செல்ல மின்சார வண்டி அடுத்த பயணத்தில்தான் வந்தது. ஷெப்பர்டின் அப்பல்லோ 14-க்குக் கொடுத்தனுப்பியது கையால் இழுக்கும் ஒரு வண்டி. விண்வெளிக்காரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘ரிக்‌ஷா’. சந்திரன் வரை போயும் கனவானுக்கு நடைதான்.

ஆக, கொட்டகைப் பையனிடம் வருவோம். கொட்டகையில் ஒரு பழைய பெட்ரோல் கோல்ஃப் வண்டி நிற்கிறது: ஒற்றை சிலிண்டர், ஒன்பது குதிரைசக்தி வாக்கில். அதன் வேகத்தை ஒரு கவர்னர் கட்டிப் போட்டிருக்கிறது. மணிக்கு இருபது, இருபத்துநாலு கிலோமீட்டருக்கு மேல் விடாது. பக்கத்தில் அச்சு முறிந்து கிடக்கிறது ஒரு யமஹா பான்ஷீ. 347 சிசி, இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், முப்பதுக்கும் மேல் குதிரைசக்தி. பான்ஷீ என்றால் அயர்லாந்துக் கதைகளில் சாவு வருவதை அறிந்து ஓலமிடும் பெண் பேய். சத்தத்தைக் கேட்டவர்கள் பெயர் வைத்தவரைப் பாராட்டுவார்கள். பாட்டி வண்டிக்குள் பேயை ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சொல்வது சுலபம். ஏடிவியில் ஆக்சிலரேட்டர் கட்டைவிரலில், கிளட்ச் இடது கையில், கியர் இடது காலில். கோல்ஃப் வண்டியிலோ இரண்டே பெடல். மிதித்தால் போகும், எடுத்தால் எஞ்சினே நின்றுவிடும். கனவான் நிம்மதியாக ஆடட்டும் என்று செய்த ஏற்பாடு. இப்போது கட்டைவிரல் கேபிளைக் கால் பெடலுக்கு இழுக்க வேண்டும். கியரை மாற்ற இருக்கை ஓரமாக ஒரு கம்பி வேண்டும். பான்ஷீக்குச் செல்ஃப் கிடையாது, உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். உதைக்கிற கம்பியோ இப்போது இருக்கைக்கு அடியில். அது தண்ணீரால் குளிரும் எஞ்சின் வேறு, ஆகவே முன்னால் ரேடியேட்டருக்கும் இடம் வேண்டும். கோல்ஃப் பை வைக்கிற இடம்தான் கடைசியில் காலி. கோல்ஃபும் அங்கேயே காலி.

பெரிய வேடிக்கை எஞ்சினை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதில். இடம் பற்றவில்லை, செயின் நேராக வரவில்லை என்று எஞ்சினை முன்பின்னாகத் திருப்பி வைத்து வெல்டிங் அடித்துவிட்டால் தீர்ந்தது. செயின், திசையை மாற்றாது. எஞ்சின் சுற்றுகிற பக்கமே அச்சும் சுற்றும். பான்ஷீக்கு முன்னோக்கி ஆறு கியர், ரிவர்ஸ் கிடையாது. திருப்பி வைத்தால் ஆறு ரிவர்ஸ் கியர் உள்ள உலகின் ஒரே கோல்ஃப் வண்டி உங்களுடையது. முன்னால் போக ஒரு கியரும் இல்லை. ஹார்லிக்காரன் எஞ்சினையே எதிர்த் திசையில் சுற்ற வைத்தபோது சிரித்தோமே, அவன் இப்போது சிரிப்பான்.

சட்டமும் சும்மா இல்லை. அமெரிக்காவில் 1998-ல் ஒரு விதி வந்தது. மணிக்கு இருபது மைலைத் தாண்டி இருபத்தைந்து மைல் வரை ஓடும் இந்த வகை வண்டி, கோல்ஃப் வண்டி என்ற செல்லப்பெயரை இழந்து ‘குறைவேக வாகனம்’ ஆகிவிடுகிறது. விளக்கு, சீட் பெல்ட் எல்லாம் வேண்டும். இருபத்தைந்தையும் தாண்டினால் அந்த ஜாதியிலும் சேர்க்க மாட்டார்கள். பான்ஷீ எஞ்சின் வைத்தவன் மூன்றாவது கியரிலேயே இரண்டு ஜாதியையும் கடந்துபோகிறான்.

சரி, உங்கள் கை அரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தடுக்க மாட்டேன்; வாட்லி, குஷ்மன், ஹோண்டா எல்லோரும் பின்னால் நிற்கும்போது நான் யார்? ஒன்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலான கோல்ஃப் வண்டிகளுக்குப் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான், அதுவும் நடைவேகத்துக்குக் கொஞ்சம் மேலே போகிற வண்டியை நிறுத்தப் போட்ட கேபிள் பிரேக். எஞ்சினுக்கு முன்னால் அதை மாற்றுங்கள். முதல் ஓட்டத்துக்கு வீட்டுக்காரம்மாவை நல்ல புடவையில் ஏற்றி அனுப்பாதீர்கள். ஹோண்டாவுக்குக் கிடைத்தது எண்ணெய்க் கறையும் ஒரே ஒரு வார்த்தையும்தான். நம் வீட்டில் அவ்வளவோடு நிற்காது.